மானியத்தின் பக்கம் பேசியவள்

மானியம் வேண்டுமா வேண்டாமா என்று தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தும்போது நான் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. உட்கார்ந்து கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாதமும் எனக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் நானே மைக் முன்னால் நின்று சொன்னவைதான். கைதட்டலும் வாங்கினேன், முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டியும் வாங்கினேன்.

எழுபதுகளின் முதல் பாதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. நான் நாசரேத் பக்கத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன், சுருக்கெழுத்தும் உண்டு. இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி என்று பெயர்தானே தவிர, அப்போது அது ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு லாரி, ஒரு முதலாளி, ஒரு மேனேஜர், நான். சித்தி முறையாகிற ஒருத்தியின் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். முடியிலும் துணியிலும் இறால் வாடை போகவே போகாது. கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எப்போதும் ஒரே ஆளிடம்தான் வாங்குவது. திரேஸ்புரத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் கடலிலேயே இறந்துபோனவர். இரண்டு பெண்பிள்ளைகள். விடிகாலையில் கரையில் மீனை ஏலம் எடுத்து, ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து மார்க்கெட் வரை நடந்து வருவாள். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். "கூரைக்குக் கீழ ஒக்காந்து செய்யுத வேல ஒண்ணு கெடச்சா, ஆயுசுக்கும் ஒனக்கு மீனு சும்மாவே தருவேன் பிள்ள" என்பாள். சும்மா சொல்கிற பேச்சாகத்தான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்குப் பெரிய கம்பெனி கட்டும் எண்ணம் வந்தது. ஐஸ் தயாரிக்க, இறாலை உறைய வைக்க, உரிக்க, எல்லாம் ஒரே வளாகத்தில். பின்தங்கிய பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் புதுத் தொழில் தொடங்கினால் அரசாங்கம் மானியம் கொடுத்தது. எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும், நாங்கள் பின்தங்கியவர்கள்தான், தயவுசெய்து நம்புங்கள் என்று மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆள் அந்தஸ்து பேசுகிற அதே ஆட்கள்தான். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அந்த மனுக்களில் பாதியை டைப் அடித்தது நான்தான்.

ஒரு நாள் முதலாளியிடமே கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, நம்மகிட்ட பணம் இருக்கே, அரசாங்கத்துப் பணம் எதுக்கு?" கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளும் இல்லை அவர்.

"கவர்மெண்டு குடுக்கத நாம வேண்டாம்னு சொன்னா, அடுத்த ஊர்க்காரன் வாங்கிட்டுப் போயிருவான். பொறவு இறாலும் அங்கன போயிரும், வேலையும் அங்கன போயிரும். நாம இங்கன நின்னு கடல் அலைய எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இந்த விஷயத்தில் என்னை இன்றுவரை அலுக்க வைப்பது. யார் பேசினாலும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது.

விண்ணப்பத்தோடு ஒரு பட்டியல் இணைக்க வேண்டும் என்றார் மேனேஜர். கம்பெனி வந்தால் உள்ளூரில் யார் யாருக்கு வேலை கிடைக்கும் என்று பெயரோடு காட்டினால் விண்ணப்பத்துக்கு எடை கூடுமாம். இரண்டு நாள் சாயங்காலம் திரேஸ்புரத்துக்குப் போனேன். அக்காதான் வீடு வீடாகக் கூப்பிட்டுப் பெண்களைச் சேர்த்துவிட்டாள். அவள் பெயரே முதல் பெயர். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எழுதப் படித்த நாலெழுத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கைநாட்டு. கார்பன் வைத்து ஐந்து பிரதி அடித்தேன். பக்கம் பக்கமாகப் பெண்களின் பெயர்கள். பார்க்க நன்றாக இருந்தது என்று நினைத்ததை மறைக்க மாட்டேன்.

கட்டடம் எழும்பியது. மானியம் தவணை தவணையாக வந்தது. இயந்திரங்கள் வந்து இறங்கின. திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கடிதத்தை மேனேஜர் சொல்ல, நான் எழுதினேன். கேரளத்தில் இருக்கும் ஒரு கான்டிராக்டருக்கு. இறால் உரித்துப் பழகிய பெண்களை மொத்தமாக அழைத்து வந்து, தங்க வைத்து, இராப்பகலாக வேலை வாங்க என்ன கேட்பீர்கள் என்று விசாரிப்பு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பட்டியல்?" என்று கேட்டேன்.

"பட்டியல் பட்டியல்தான். கல்யாணப் பத்திரிகையில பேர் போட்டவுக அத்தன பேரும் வந்துட்டா பந்தி தாங்குமா?" என்றார் மேனேஜர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விசாரிக்கத்தான செய்யுதோம். இன்னும் ஒண்ணும் முடிவாகல" என்றார்.

விசாரிப்புதானே என்று நானும் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். கடிதம் அன்றைய தபாலில் போனது.

அதற்கு அடுத்த வாரம் திரேஸ்புரத்தில் மாதா கோயில் திருவிழா. இளைஞர் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். தனியார் கம்பெனிகளுக்கு அரசு மானியம் தேவையா, இல்லையா. ஊரில் புதுக் கட்டடம் எழும்பி நின்றதால் எல்லார் வாயிலும் அதே பேச்சு. நான் அவர்களைப் போல் கத்தோலிக்கச் சபை இல்லை என்றாலும், அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், மேடையில் பேசப் பழகியவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எதிர்ப் பேச்சாளர் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். நடுவர் பங்குச் சாமியார்.

தேவையில்லை என்று பேசத்தான் எனக்கு ஆசை. அதற்காக ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் எந்தப் பக்கம் யார் என்பதைச் சாமியார் அறையில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். எனக்குத் தேவை என்று விழுந்தது. அந்தப் பேராசிரியரோ மானியம் வேண்டும் என்று நம்புகிறவர், அவருக்குத் தேவையில்லை என்று விழுந்தது. இரண்டு பேரும் சீட்டைப் பார்த்து முழித்தோம். மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். விழுந்தது விழுந்ததுதான் என்று சங்கத்துப் பையன்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, அவர் நம்பியதை நான் பேசினேன், நான் நம்பியதை அவர் பேசினார்.

அவர் நன்றாகவே பேசினார். "உப்பளத்தில் வெயிலில் நிற்கிற பெண் ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் அதில் அரசாங்கத்துக்கு வரி போகிறது. அந்த வரியில்தான் மானியம். அவள் கொடுத்த காசில் ஒருவர் கட்டடம் கட்டுகிறார், லாபம் வந்தால் அவர் வீட்டுக்குப் போகிறது. அவளுக்கு அதில் என்ன உண்டு? வேலை கொடுப்பேன் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, கொடுத்தார்களா என்று யாராவது போய்ப் பார்த்தது உண்டா?" கூட்டத்தில் சலசலப்பு. உப்பளத்துக்குப் போகிற பெண்கள் அங்கேயும் உட்கார்ந்திருந்தார்கள்.

என் முறை. தொழில் இல்லாத ஊரிலிருந்து பிள்ளைகள் பம்பாய்க்குப் போகிறார்கள், கப்பலுக்குப் போகிறார்கள், பிறகு அந்த ஊருக்கு யார் வரி கட்டுவார்கள் என்று ஆரம்பித்தேன். "இங்கே கரையில் நிற்கும் விசைப்படகுகளில் எத்தனை மானியத்தில் வாங்கியவை? அதைத் திருப்பிக் கொடுக்க யாராவது தயாரா? கை தூக்குங்கள்" என்றேன். ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. சிரிப்பு வந்துவிட்டால் பேசுகிறவளுக்கு ஒரு வெறி வந்துவிடும். எதிராளியின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.

"கொடுத்தார்களா என்று யார் பார்த்தது என்று கேட்கிறார். நான் பார்த்தேன். இந்தக் கையால் டைப் அடித்தேன். இந்தத் திரேஸ்புரத்துப் பெண்களின் பெயர்கள் அரசாங்கத்துக் கோப்பில் இருக்கின்றன. முதல் பெயர் இதோ இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவுடையது. கம்பெனி திறந்ததும் அவர்கள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மரியாதையாகச் சம்பாதிப்பார்கள். மானியம் முதலாளிக்கு அல்ல, அவர்களுக்கு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கேரளத்துக்குப் போன கடிதம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். வந்தது. பேசி முடித்து நாற்காலியில் உட்காரும்போதே வந்தது. சாமியார் எனக்கே பரிசு என்றார். பேராசிரியர் கை குலுக்கி, "நீங்க சொன்னதுதாம்மா சரி" என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனால், அக்கா உட்காரும் பலகையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் நின்றபடி, வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக அவளுக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். எனக்குப் புரியவில்லை. அந்த மீன் வரிசையில் யார் இடம் யாருக்கு என்பதற்குத் துண்டுச் சீட்டு ஒன்றும் கிடையாது. ஒருத்தி விலகுவதென்றால், வரிசையில் இருக்கும் எல்லாப் பெண்களும் கேட்கும்படி, இன்னாருக்கு என் இடத்தைக் கொடுத்தேன் என்று வாயால் சொல்லி, தன் பலகையை அவளிடம் நகர்த்துவாள். சொன்னால் சொன்னதுதான். பிறகு பெற்ற தாயே வந்து கேட்டாலும் இடம் திரும்பக் கிடைக்காது. அக்கா திங்கட்கிழமையே சொல்லிவிட்டாளாம்.

"எதுக்குக்கா இம்புட்டு அவசரம்? கம்பெனி இன்னும் தொறக்கலையே."

"நீதானளா சொன்ன? அத்தன சனத்துக்கு முன்னால, கோயில் மைக்குல, என் மொகத்தப் பாத்துச் சொன்ன. சாமியாரு வேற பக்கத்துல இருந்தாவ. பொறவு நான் இங்கனயும் ஒரு கால் அங்கனயும் ஒரு கால் வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? பாவம், இவளும் மூணு வருசமா எடம் கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

அது பட்டிமன்றம் அக்கா, சீட்டில் விழுந்த பக்கத்தைத்தான் பேசவேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னாலும் பலகை திரும்பி வராது என்பது ஒரு காரணம். சொல்ல வெட்கம் என்பது இன்னொரு காரணம். அவர்களுக்கு நாலு பேர் முன்னால் சொல்கிற சொல்தான் பத்திரம். எனக்கு அது ஒரு தூக்குச் சட்டிக்கான பேச்சு. இந்த வித்தியாசத்தை அந்தச் சந்தை இரைச்சலில் எப்படி எடுத்துச் சொல்வது? மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நின்றேன். அந்த ஒரு பெயருக்காவது வேலை கொடுங்கள் என்று கெஞ்சினேன். கான்டிராக்டர் சம்மதித்துவிட்டார், ஆள் வைப்பது இனி அவர் பாடு என்றார். முதலாளியிடம் போனேன். பார்ப்போம் என்றார். கம்பெனி திறந்தது. கேரளத்துப் பெண்கள் லாரியில் வந்து இறங்கினார்கள், பாவம், அவர்களும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். திரேஸ்புரத்தில் யாரையும் கூப்பிடவில்லை. அக்கா இரண்டு தடவை கம்பெனி வாசலுக்கு வந்து காவல்காரரிடம் விசாரித்துவிட்டுப் போனாளாம். இரண்டு தடவையும் நான் உள்ளேதான் இருந்தேன். கரையில் கருவாடு காயப்போடுகிறவர்களுக்குக் கூலி வேலை செய்து அவள் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐஸ் தாராளமாகக் கிடைத்தது. இறால் விலை ஏறியது. படகுக்காரர்கள் கையில் காசு புழங்கியது. எங்கள் முதலாளி சொன்னது போலத்தான் நடந்தது. மானியத்தால் ஒன்றுமே விளையவில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் அதற்கும் நான் தலையாட்ட மாட்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். மானியத்தின் கடைசித் தவணைக்கு முன்னால் வடக்கிலிருந்து ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பட்டியலில் இருக்கும் பெண்களை மறுநாள் காலை வரச் சொல்லும்படி சொன்னார்.

"ஒரு நாளைக்குன்னு சொல்லாண்டாம். வேலைக்கு வரச் சொல்லு, போதும். கூலி குடுத்திருவோம்."

போனேன். சொன்னேன். ஒரு நாளைக்கு என்று சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டாம் என்றதால்தான் என்று எழுதினால் அதுவும் பொய். இந்தப் பெண்களைப் பார்த்தால் முதலாளி மனம் மாறினாலும் மாறுவார் என்று ஒரு நப்பாசை எனக்கு.

மறுநாள் கேரளத்துப் பெண்களை எல்லாம் மேனேஜர் மத்தியான சினிமாவுக்கு அனுப்பிவிட்டார். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். திரேஸ்புரத்துப் பெண்கள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு மேசைகளுக்கு முன் உட்கார்ந்தார்கள். அக்கா துவைத்து மடித்த சேலையில் வந்திருந்தாள். கையுறை போட்டால் விரல் ஓடவில்லை என்று பக்கத்துப் பெண்ணிடம் சிரித்தாள், ஆனால் கழற்றவில்லை. பிறந்ததிலிருந்து மீனோடு பழகிய கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முன்னால் உரித்த இறால் குவிந்தது.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மேனேஜர் ஒரு பக்கம், சுருக்கெழுத்து நோட்டோடு நான் மறு பக்கம். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அக்காவின் முன்னால் நின்றார். அவள் வேகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. இந்தப் பெண் எத்தனை நாளாக இங்கே வேலை பார்க்கிறாள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எத்தன நாளா இங்க வேல பாக்கீங்கன்னு கேக்காவ அக்கா."

அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "இன்னைக்குத்தான் மொத நாளுன்னு சொல்லு பிள்ள. மாதா புண்ணியத்துல நல்லபடியா தொடங்கியாச்சுன்னு சொல்லு."

மேனேஜர் என்னையே பார்த்தார். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொல்ல எனக்கு நாலைந்து ஆங்கில வார்த்தை போதும். ஊரில் அப்பாவுக்கு அந்த வருஷம்தான் ஓய்வு, தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி திறந்த நாளிலிருந்து வேலை பார்க்கிறாள் சார், ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். மேடையில் பேசியது சீட்டில் விழுந்தது. இது நானாகப் பேசியது.

"சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேன்."

ஐந்து மணிக்குக் கூலியைக் கையில் கொடுத்து, மேலங்கிகளைத் திருப்பி வாங்கினார்கள். மற்றப் பெண்களுக்கு அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. காசை முடிந்துகொண்டு, மேனேஜரின் பரம்பரையை வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா மட்டும் என் மேசைக்கு வந்தாள். டைப்ரைட்டரில் அதிகாரிக்கான நன்றிக் கடிதம் பாதியில் இருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் பிள்ள?"

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேரளத்துக்குக் கடிதம் எழுதியதை, அது பட்டிமன்றத்துக்கு முன்னாலேயே போய்விட்டதை, சீட்டுக் குலுக்கியதை, அதிகாரியிடம் நான் மாற்றிச் சொன்னதை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அங்கனயும் எடமில்லையே பிள்ள" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

மார்க்கெட் வரிசையில் அவளுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூவி விற்க ஆரம்பித்தாள். முழங்கால் வலியோடு, உட்கார ஒரு பலகை கூட இல்லாமல். எங்கள் தெருவுக்கும் வருவாள். முனையிலிருந்தே அவள் குரல் கேட்கும், சாளை, நெத்திலி என்று. எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக வரும்போது குரல் நின்றுவிடும். இரண்டு வீடு தாண்டி மறுபடி தொடங்கும்.

பல நாள் கதவுக்கு உள்ளேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாசலுக்கு வந்து நின்று, "அக்கா, மீனு குடுங்க" என்று கூப்பிட்டேன். நின்றாள். படியில் நான் உயரத்தில் நின்றதால் பெட்டிக்குள் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிறைய இருந்தது, மேலே ஈரச் சாக்கு.

"மீனு தீந்து போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.